ஆறு கோல்டு ஃபிஷ்ஷுக்கு இரண்டடித் தொட்டி போதுமா?

கேள்வி: மகளின் பிறந்த நாளுக்கு மீன் தொட்டி வாங்கித் தருவதாகச் சொல்லிவிட்டேன். இரண்டடித் தொட்டி, பில்டர், லைட், ஆறு கோல்டு ஃபிஷ், கூடவே தொட்டியைச் சுத்தம் செய்ய ஒரு சக்கர் மீன், எல்லாம் சேர்த்து ஒரே விலை என்கிறார்கள். "தொட்டிக்குத் தகுந்த மாதிரிதான் சார் மீன் வளரும்" என்று கடைக்காரர் உறுதியாகச் சொல்கிறார். வாங்கலாமா?
(வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்)

பதில்: இந்த செட்டை வாங்க வேண்டாம். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் என்றால் 2 கன அடி. கன அடிக்கு 28 லிட்டர் என்று வைத்தால் 56 லிட்டர். விளிம்பு வரை ஊற்றமாட்டோம், அடியில் கல் வேறு போடுவோம். நிற்கப்போவது 45 முதல் 50 லிட்டர்தான்.

கோல்டு ஃபிஷ் கெண்டை இனத்து மீன். கடையில் கட்டைவிரல் நீளம்தான் இருக்கும். ஒராண்டா, பிளாக் மூர் போன்ற உருண்டை ரகங்கள் 15 முதல் 20 செ.மீ. வரை வளரும். ஒல்லியான காமெட் 25 செ.மீ.யையும் தாண்டும். நன்றாகப் பார்த்துக்கொண்டால் பத்து, பதினைந்து வருடம் இருக்கும். தொட்டிக்குத் தகுந்த மாதிரி வளரும் என்பது சரியல்ல. சின்னத் தொட்டியில் கழிவு சேர்ந்து தண்ணீர் கெடுவதால் வளர்ச்சி நின்றுபோகிறது, ஆயுளும் குறைகிறது. வளராத மீனை வசதியாக இருக்கும் மீன் என்று நினைத்துவிடக் கூடாது.

கோல்டு ஃபிஷ் நிறையச் சாப்பிடும், அந்த அளவுக்குக் கழிவும் விடும். செவுள் வழியாகவே அம்மோனியா என்ற, மீனுக்கு விஷமான கழிவு வெளியேறும். தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிவாக இருந்தாலும் அதில் அம்மோனியா ஏறியிருக்கலாம். அதை முறிக்கும் பாக்டீரியா பில்டர் ஸ்பாஞ்சில் குடியேற நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். தொட்டியும் மீனும் ஒரே நாளில் வீட்டுக்கு வந்தால் முதல் மாதத்திலேயே மீன் சாவது இதனால்தான். பிறந்த நாளுக்குத் தொட்டியை வைத்து பில்டரை ஓடவிடுங்கள். தினமும் ஒரு துளி மீன் தீவனம் போட்டு வந்தால் அது மக்கி, பாக்டீரியாவுக்கு இரையாகும். மீன் அப்புறம் வரட்டும். குழந்தைக்குச் சொன்னால் புரியும்.

எத்தனை மீன் விடலாம்? உருண்டை ரகத்தில் முதல் மீனுக்கு 75 லிட்டர், அடுத்த ஒவ்வொன்றுக்கும் 40 லிட்டர் என்பது வளர்ப்பவர்கள் வைத்திருக்கும் கணக்கு. மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத் தொட்டியில் சுமார் 165 லிட்டர் நிற்கும். அதில் மூன்று மீன், அதற்கு மேல் வேண்டாம். காமெட்டுக்கு வீட்டுத் தொட்டியே சரிப்படாது, சிமென்ட் தொட்டிதான். மூன்றடித் தொட்டிக்கு 8 மி.மீ.க்குக் குறையாத கண்ணாடி கேளுங்கள். தண்ணீரோடு 200 கிலோ வரும், டிவி ஸ்டாண்டு தாங்காது. இரும்பு ஸ்டாண்டுக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்குங்கள். மணிக்குத் தொட்டித் தண்ணீரைப் போல் ஐந்து மடங்காவது சுற்றவிடும் பில்டர் வேண்டும்.

நம் ஊர் வெயிலையும் யோசிக்க வேண்டும். கோல்டு ஃபிஷ் குளிர்ந்த தண்ணீர் மீன். 20 டிகிரியில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் பிராணவாயு கரைந்திருக்கும் என்றால், 30 டிகிரியில் ஏழரைதான். மே மாதத்தில் கூட்டம் நிறைந்த தொட்டிக்கு அது போதாது. கரண்ட் போனால் ஓட பேட்டரி ஏர் பம்ப் ஒன்று கண்டிப்பாக வேண்டும். 2011 தானே புயலுக்குப் பிறகு கரண்ட் இல்லாமல் கிடந்ததைக் கடலூர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

சக்கர் மீனை விட்டுவிடுங்கள். அது ஓரடிக்கு மேல் வளரும், கோல்டு ஃபிஷ்ஷின் உடம்பில் ஒட்டிக்கொண்டு வழவழப்பை உறிஞ்சும். பட்ஜெட் இரண்டடித் தொட்டிக்குத்தான் இடம் கொடுக்கிறது என்றால் கப்பியோ மோலியோ வாங்குங்கள். நம் பக்கத்து வெயிலுக்கும் கடினமான போர் தண்ணீருக்கும் அவை நன்றாகத் தாங்கும். குட்டி போடுவதைப் பார்க்கக் குழந்தைக்கும் பிடிக்கும்.

கேள்வி: ஏற்கெனவே இரண்டடித் தொட்டியில் எட்டு கோல்டு ஃபிஷ் விட்டுவிட்டோம். விடியற்காலையில் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. ஊசுட்டேரியில் விட்டுவிடலாமா?
(வாசகி, லாஸ்பேட்டை, புதுச்சேரி)

பதில்: ஏரியில் விடவே கூடாது. இவை சேற்றைக் கிளறும், செடியைப் பிடுங்கும், அங்குள்ள மீன்களுக்கு நோயையும் கொண்டுபோகும். மேலே வந்து வாயசைப்பது மூச்சுத் திணறல்தான். இன்றைக்கே மூன்றில் ஒரு பங்குத் தண்ணீரை மாற்றுங்கள். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் அதை நீக்கும் சொட்டு மருந்து விட்டு ஊற்றுங்கள். தீவனத்தைப் பாதியாக்கி, ஏர் பம்பை ராத்திரியும் ஓடவிடுங்கள். ஸ்பாஞ்சைக் குழாயடியில் கழுவாமல், தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே அலசுங்கள். அப்புறம் நிழலான இடத்தில் 500 லிட்டர் தொட்டி ஒன்று பாருங்கள். எட்டும் உருண்டை ரகம் என்றால் அதில் தாராளமாக இருக்கும். இடமில்லை என்றால் பெரிய தொட்டி வைத்திருப்பவருக்கோ கடைக்கோ கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: வாங்கிய வாரத்திலேயே தொட்டி மூலையில் கசிகிறது. "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று பில்லில் போட்டிருக்கிறது.
(வாசகர், நெல்லிக்குப்பம்)

பதில்: அந்த வரியைப் பார்த்துப் பின்வாங்காதீர்கள். குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப வாங்கிக்கொண்டு பணம் தர மறுப்பதை 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நியாயமற்ற வணிகம் என்கிறது. பில் தராமல் இருப்பதும் அதே கணக்கில்தான் வரும். தொட்டிக்கு அடியில் செய்தித்தாளை விரித்து, ஈரம் படர்வதை போனில் வீடியோ எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழையுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் கடலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுக்கலாம். பொருளுக்குக் கொடுத்த விலை ஐந்து லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் வைக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.