நாய்கள் இழுக்கும் பனிவண்டி

கேள்வி: குளிர்காலத்தில் வழிகாட்டியுடன் நாய்வண்டிப் பயணம் செல்ல விரும்புகிறேன். வண்டியை நானே ஓட்டலாமா? நாய்களுக்கு அது வதையாகாதா?

பதில்: ஓட்டலாம். வழிகாட்டியின் வண்டியைத் தொடர்ந்து உங்கள் நாய்கள் ஓடும் என்பதால், நீங்கள் பின்புறச் சறுக்குச் சட்டங்களின் மீது நின்று, வளைவுகளில் உடலைச் சாய்த்து, இறக்கங்களில் பிரேக்கை மிதித்து, இழுவைக் கயிறு தொய்யாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தொய்ந்தால், வண்டிக்கு மிக அருகில் ஓடும் நாய்களின் மீதே வண்டி மோதிவிடும். கைப்பிடியை மட்டும் எக்காரணம் கொண்டும் விடாதீர்கள். ஆளில்லாவிட்டாலும் நாய்கள் ஓடிக்கொண்டே இருக்கும்.

பனிவண்டி இழுக்கும் ஹஸ்கி இன நாய்களுக்கு இரட்டை அடுக்கு ரோமம் உண்டு. ஓடும்போது அவற்றை வருத்துவது குளிரைவிட வெப்பமே. புறப்படும் முன் அவை துள்ளிக் குரைப்பது ஓடும் ஆவலால்தான். ஆயினும், ஓய்வு நேரத்தில் நாய்கள் எப்படி வைக்கப்படுகின்றன, முதுமையில் அவற்றை யார் பராமரிக்கிறார்கள் என்பதை முன்பதிவுக்கு முன்பே கட்டாயம் கேளுங்கள், மழுப்புகிறவரிடம் செல்லாதீர்கள்.