கூரை திறக்கும் மஸ்டாங்: வெள்ளோட்டத்துக்குப் போகுமுன்

அமெரிக்காவில் ஃபோர்டு மஸ்டாங் கன்வெர்டிபிள் வாங்கும் எண்ணத்தில் இருக்கும் நண்பர்கள் டெஸ்ட் டிரைவ் பற்றிப் பல கேள்விகள் அனுப்பியிருக்கிறீர்கள். ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் எழுதுகிறேன்.

கேள்வி (டாலஸ்): மசில் கார் (பெரிய எஞ்சின் கொண்ட சக்திமிக்க அமெரிக்கக் கார்) என்றால் கமேரோ, சேலஞ்சர், மஸ்டாங் மூன்றையும் ஓட்டிப் பார்த்துத்தானே முடிவெடுக்க வேண்டும்?

புதிய கார் என்றால் இந்த மூன்றில் இப்போது மஸ்டாங் மட்டும்தான். டாட்ஜ் சேலஞ்சர் 2023 இறுதியோடு நின்றுவிட்டது. 2008-இல் மறுபிறவி எடுத்ததிலிருந்து அதற்குத் தொழிற்சாலையிலேயே செய்த கன்வெர்டிபிள் வந்ததும் இல்லை. செவ்ரோலே கமேரோ 2024 மாடலோடு விடைபெற்றது. அதைப் பழைய கார் சந்தையில்தான் தேட வேண்டும்.

கேள்வி (சார்லட்): விற்பனையாளர் கால் மணி நேரம்தான் தருவார் என்கிறார்கள். அதற்குள் எதைப் பார்ப்பது?

எட்டு சிலிண்டர் கொண்ட வி8 எஞ்சின் வேகமாகப் போகும் என்பது ஓட்டாமலே தெரிந்த செய்தி. 5.0 லிட்டர், 480 குதிரைத்திறன். அதை உறுதிப்படுத்தக் கிடைத்த நேரத்தைச் செலவழிக்காதீர்கள். நீங்கள் வாங்கப் போவது நிலையான கூரை இல்லாத கார். அது இல்லாததால் என்ன மாறியிருக்கிறது என்பதைத்தான் அந்தக் கால் மணி நேரத்தில் பார்க்க வேண்டும்.

சாதாரணக் காரில் கூரையும் உடலைத் தாங்கும் ஓர் உறுப்பு. அதை எடுத்துவிட்டால் மூடி கழற்றிய அட்டைப்பெட்டியைப் போல உடல் முறுக்கிக்கொள்ளும். காரின் தரைத்தளத்துக்குக் கீழே கூடுதல் இரும்பு சேர்த்து இதை ஈடுகட்டுகிறார்கள். அதனால்தான் கன்வெர்டிபிள் எப்போதும் கூப்பேயைவிட (நிலையான கூரையுள்ள இரு கதவு வகையைவிட) எடை கூடுதலாக இருக்கிறது. இந்த ஈடுகட்டல் எவ்வளவு பலித்திருக்கிறது என்பதை வழுவழுப்பான நெடுஞ்சாலை சொல்லாது. விற்பனையாளர் காட்டும் பாதை பெரும்பாலும் அத்தகைய சாலைதான். ஆகவே முதல் நாளே அந்த வட்டாரத்து வரைபடத்தைத் திறந்து, பக்கத்தில் ஒரு ரயில் கடவையோ ஒட்டுப்போட்ட பழைய தெருவோ இருக்கிறதா என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். கூரையைத் திறந்தபடி அதன்மேல் மணிக்கு 25 மைல் வேகத்தில் செல்லுங்கள். உள்கண்ணாடியைக் கவனியுங்கள். பின்னால் வரும் காரின் உருவம் அதில் நடுங்குகிறதா? முன்கண்ணாடிச் சட்டம் உங்கள் கண்ணெதிரே மெல்ல ஆடுகிறதா? ஸ்டீயரிங் தண்டு வழியாக ஓர் உதறல் கைக்கு வருகிறதா? பிறகு கூரையை மூடி அதே இடத்தில் மீண்டும் ஓட்டுங்கள். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை உங்கள் உடம்பே சொல்லிவிடும்.

2015-இல் பின்சக்கரங்களுக்குத் தனித்தனி சஸ்பென்ஷன் கொடுத்த பிறகு மஸ்டாங் இந்தச் சோதனையில் நன்றாகத் தேறியிருக்கிறது. ஆனாலும் நடுக்கம் முற்றிலும் இல்லை. நாள்தோறும் நீங்கள் போகும் சாலையில் அது உங்களை உறுத்துமா என்பதை நீங்கள்தான் தீர்மானிக்க முடியும்.

கேள்வி (டாம்பா): கூரை இயங்குவதில் எதைச் சோதிப்பது?

மஸ்டாங்கில் முதலில் முன்கண்ணாடிக்கு மேலே நடுவில் உள்ள கைப்பிடியைத் திருப்பிப் பூட்டை விடுவிக்க வேண்டும். அதன் பிறகே பொத்தான் வேலை செய்யும். கார் நின்றிருக்கும்போதே இதைச் செய்யப் பழகுங்கள். 2016 மாடலிலிருந்து வந்த கமேரோவில் கைப்பிடியே கிடையாது. 30 மைல் வேகம் வரை ஓடிக்கொண்டிருக்கும்போதே கூரை திறக்கும், மூடும். திடீர் மழை பெய்யும் ஃபுளோரிடாவில் இது பெரிய வசதி.

விற்பனையாளரைத் திறக்கச் சொல்லி வேடிக்கை பார்க்காதீர்கள். நீங்களே திறந்து மூடுங்கள், ஒரு முறைக்கு மேல். மூடிய பிறகு நெடுஞ்சாலையில் 70 மைல் வேகத்தில் பேசிப் பாருங்கள். குரலை உயர்த்த வேண்டியிருந்தால் ஆண்டில் பெரும்பகுதி அந்த இரைச்சலோடுதான் வாழ வேண்டும். கன்வெர்டிபிள் வாங்குபவர்கள் கூரை திறந்த நாளையே கற்பனை செய்கிறார்கள். மூடிய நாள்கள்தான் அதிகம் என்பதை மறந்துவிடுகிறார்கள். டிக்கியையும் திறந்து பாருங்கள். கூப்பேயைவிடச் சிறியது. உங்கள் வீட்டுப் பெட்டி ஒன்றைக் கையோடு கொண்டுபோய் வைத்துப் பார்ப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கேள்வி (சான் ஹோசே): நான்கு சிலிண்டர் போதுமா, வி8 வேண்டுமா?

2.3 லிட்டர் டர்போ எஞ்சின் 315 குதிரைத்திறன் தருகிறது. தெருவில் அதற்குமேல் தேவையே வராது. எடை குறைந்த முன்பாகத்தால் வளைவுகளில் கார் இலகுவாகத் திரும்பும். எரிபொருளும் மிச்சம். வி8 ஆட்டோமேடிக் கார் நகரில் லிட்டருக்கு ஆறு கிலோமீட்டரைச் சற்றுத் தாண்டும், நெடுஞ்சாலையில் பத்து வரை தரும்.

இவ்வளவு சொன்ன பிறகும், கன்வெர்டிபிள் என்றால் என் வாக்கு வி8-க்குத்தான். கூப்பேயில் எஞ்சினின் ஒலி கண்ணாடிக்கும் தகரத்துக்கும் வெளியே நின்றுவிடுகிறது. கூரை திறந்த காரில் அது நேரே காதுக்கு வருகிறது. இரண்டாவது கியரில் மெல்ல ஏறும்போது அந்த எட்டு சிலிண்டர்களின் அடித்தொண்டை உறுமல் இருக்கிறதே, அதற்காகத்தான் இந்த வகைக் காரே இருக்கிறது என்று நான் மனதார நம்புகிறேன். அதிகாலையில் அண்டை வீட்டாருக்குத் தொல்லை தரக்கூடாது என்றால், ஒலியை அடக்கும் அமைப்பு இருக்கும் எக்ஸாஸ்ட்டாகப் பார்த்து வாங்குங்கள். இரண்டையும் ஒரே நாளில் ஓட்டுங்கள். முதலில் நான்கு சிலிண்டர், பிறகு வி8. வரிசையை மாற்றினால் சிறிய எஞ்சினுக்கு நியாயம் கிடைக்காது.

கேள்வி (மினியாபொலிஸ்): இவ்வளவு சக்தியுள்ள பின்சக்கர இயக்கக் காரை ஓட்டியதில்லை. பயமாக இருக்கிறது.

அந்தப் பயம் நல்லது, அதை விட்டுவிடாதீர்கள். நேராகப் போகும்போது பெரும்பாலும் சிக்கல் வருவதில்லை. சந்திப்பில் திரும்பிக்கொண்டே ஆக்ஸிலேட்டரை மிதிப்பவர்களுக்குத்தான் பின்பக்கம் வெட்டிக்கொண்டு போகிறது. ஸ்டீயரிங் நேராகும் வரை காலை மெல்ல வையுங்கள். கார் வழுக்காமல் காக்கும் ஸ்டெபிலிட்டி கண்ட்ரோலை யார் சொன்னாலும் அணைக்காதீர்கள்.

குளிர் மிகுந்த உங்கள் ஊருக்கு இன்னொன்றும் உண்டு. 'பெர்ஃபார்மன்ஸ்' தொகுப்போடு வரும் கோடைக்கால டயர்கள் சுமார் ஏழு டிகிரி செல்சியஸுக்குக் கீழே விறைத்துப் பிடிமானத்தை இழக்கும். சாலை காய்ந்திருந்தாலும் இதுதான் நிலை. அக்டோபர் கடைசியில் வெள்ளோட்டம் என்றால் எந்த டயர் போட்டிருக்கிறது என்று முதலில் கேளுங்கள். அத்தோடு ஷோரூம் கார் புத்தம் புதியது. முதல் 1,000 மைல்களுக்கு எஞ்சினை வதைக்கக் கூடாது என்றுதான் அதன் கையேடும் சொல்கிறது. நாளை அதை வாங்கப் போகிறவர் இன்னொருவராகவும் இருக்கலாம்.

கேள்வி (எடிசன்): பின்னிருக்கையில் இரண்டு பிள்ளைகள் உட்காரலாமா?

சிறு பிள்ளைகள் குறுகிய தூரத்துக்கு உட்காரலாம். குழந்தை இருக்கையைக் கொண்டுபோய்ப் பொருத்திப் பாருங்கள், கதவு நீளமானதால் நெருக்கமான பார்க்கிங்கில் அது பெரும்பாடு. திறந்த கூரையில் காற்று முன்னே இருப்பவர்களைவிடப் பின்னே இருப்பவர்களைத்தான் அதிகம் அறையும். ஆகவே வெள்ளோட்டத்தில் மனைவியையோ கணவரையோ ஓட்டச் சொல்லிவிட்டு நீங்கள் பத்து நிமிடம் பின்னால் உட்காருங்கள்.

கேள்வி (ஹூஸ்டன்): டீலரிடம் போனால் உடனே கையெழுத்து வாங்கப் பார்க்கிறார்கள். எப்படிச் சமாளிப்பது?

ஓட்டிப் பார்க்க ஓட்டுநர் உரிமம் தேவை, சிலர் காப்பீட்டையும் கேட்பார்கள். அதற்காகக் கடன் விண்ணப்பமோ சமூகப் பாதுகாப்பு எண்ணோ தர வேண்டியதில்லை. கண்ணாடியில் ஒட்டியிருக்கும் விலைச்சீட்டைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். 1958-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒவ்வொரு புதிய காரிலும் அது இருந்தாக வேண்டும். அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்த செனட்டர் மன்ரோனியின் பெயராலேயே இன்றும் அதை அழைக்கிறார்கள். பக்கத்தில் இன்னொரு சீட்டு ஒட்டி டீலர் கூட்டியிருக்கும் தொகை வேறு, அதைப் பற்றிப் பேரம் பேசலாம். ஓட்டிய அன்றே வாங்குவதில்லை என்று உள்ளே நுழையும்போதே சொல்லிவிடுங்கள்.

கேள்வி (மயாமி): பழைய கமேரோ எஸ்எஸ் (வி8 வகை) கன்வெர்டிபிள் ஒன்று பார்த்திருக்கிறேன். ஓட்டும்போது எதைக் கவனிக்க?

ஓட்டுவதற்கு முன் முகர்ந்து பாருங்கள். பூஞ்சை வாடை இருந்தால் கூரை ஒழுகியிருக்கிறது. தரைவிரிப்பின் அடியிலும் டிக்கியின் மூலைகளிலும் கை வைத்து ஈரம் தேடுங்கள். பின்கண்ணாடி துணியோடு சேரும் விளிம்பு விட்டுப்போயிருக்கிறதா பாருங்கள். உங்கள் ஊரில் புயல் வெள்ளத்தில் மூழ்கிய கார்கள் துடைத்து விற்பனைக்கு வருவதுண்டு, ஆகவே அடையாள எண்ணை வைத்து அதன் வரலாற்றைக் கட்டாயம் சரிபாருங்கள்.

ஓட்டத் தொடங்கியதும் உங்களுக்குத் தெரிய வேண்டியது பார்வைக்கோணம். கமேரோவின் பக்கவாட்டுக் கதவு உயரமானது, கண்ணாடி குறுகலானது. கூரையை மூடிப் பின்னோக்கி எடுத்துப் பாருங்கள், நெடுஞ்சாலையில் தடம் மாறிப் பாருங்கள். 2016 மாடலிலிருந்து வந்தவற்றின் 6.2 லிட்டர் எஞ்சினும் அதன் 455 குதிரைத்திறனும் அருமையானவை, வளைவுகளில் அது மஸ்டாங்கைவிடக் கூர்மை என்றே சொல்வேன். ஆனால் வெளியே பார்க்க முடியாத காரை எத்தனை பேர் ஓராண்டிலேயே விற்றிருக்கிறார்கள் தெரியுமா?

கேள்வி (சென்னை): அடுத்த ஆண்டு கலிஃபோர்னியா வருகிறேன். வாங்கும் எண்ணம் இல்லை, ஒருமுறை ஓட்ட ஆசை.

டீலரிடம் போய் அவர்கள் நேரத்தை வீணாக்க வேண்டாம். மஸ்டாங் இந்தியாவுக்கு 2016-இல் வந்தபோதும் கூப்பேயாகத்தான் வந்தது, அதனால் உங்கள் ஆசை புரிகிறது. அமெரிக்க விமான நிலைய வாடகை நிறுவனங்களில் மஸ்டாங் கன்வெர்டிபிள் பரவலாகக் கிடைக்கும். இந்திய உரிமத்தோடு சர்வதேச அனுமதிச் சீட்டையும் எடுத்து வாருங்கள். 25 வயதுக்குக் கீழ் என்றால் கூடுதல் கட்டணம் கேட்பார்கள். வாங்க நினைக்கும் மற்றவர்களுக்கும் இதையே சொல்வேன்: ஒரு வார இறுதி வாடகைக்கு எடுங்கள். வாடகையில் தருவது பெரும்பாலும் நான்கு சிலிண்டர்தான் என்றாலும் கூரை, காற்று, நடுக்கம், டிக்கி எல்லாம் அதே கார்தான். முன்பதிவில் 'அதுபோன்ற கார்' என்று போட்டிருந்தால் வேறு வண்டியும் வரலாம், முதல் நாளே தொலைபேசியில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.