சோழ அரியணையும் இரண்டு சதிகளும்

கேள்வி: ‘பொன்னியின் செல்வன்’ முதல் பாகத்தை வெளியான புதிதில் பார்த்தது. இப்போது இரண்டாம் பாகத்தைப் போட்டால், யார் எதற்காகச் சதி செய்கிறார்கள் என்றே பிடிபடவில்லை. மறுபடி முதலிலிருந்து பார்க்க வேண்டுமா?

பதில்: கதையில் ஓடுவது இரண்டு சதிகள். இரண்டையும் ஒன்றாக எண்ணிப் பார்ப்பதால்தான் தலை சுற்றுகிறது. கடம்பூர் மாளிகையில் கூடும் பெரிய பழுவேட்டரையரும் சிற்றரசர்களும் கேட்பது ஆட்சி மாற்றம்: சுந்தர சோழருக்குப் பின் அவர் மூத்த மகன் ஆதித்த கரிகாலன் வேண்டாம், மதுராந்தகன் அரியணை ஏறட்டும் என்கிறார்கள். பாண்டியர் பக்கத்து ரவிதாசன் கூட்டத்துக்கோ யார் அரசன் என்பது பொருட்டே இல்லை. பாண்டிய மன்னன் வீரபாண்டியன் தலையைக் கொய்த சோழ குலம் வேரோடு அழிய வேண்டும், அவ்வளவுதான். இரண்டு பக்கமும் கால் வைத்திருப்பவள் பெரிய பழுவேட்டரையரின் மனைவி நந்தினி. அது பழுவேட்டரையருக்குத் தெரியாது. அவள் வரும் காட்சியில் எல்லாம், எதிரே நிற்பவர் எந்தக் கூட்டத்து ஆள் என்று பாருங்கள். பேச்சின் பொருள் தானாக விளங்கும்.

இரண்டு பாகமும் சேர்ந்து ஏறக்குறைய ஐந்தரை மணி நேரம். அடுத்தடுத்த இரண்டு மாலைகளில் பார்ப்பதே நல்லது. ஒரே மூச்சில் பார்த்தால் இரண்டாம் பாகத்தின் கடம்பூர்க் காட்சிகளுக்கு வரும்போது மனம் களைத்துவிடும். நேரமே இல்லையா? முதல் பாகத்தில் கடம்பூர்க் கூட்டம், கரிகாலன் தன் பழைய காதலைச் சொல்லும் இடம், கடைசி அரைமணி நேரக் கடற்புயல், இவற்றை மட்டுமாவது பாருங்கள். முடிவில் வரும் ஊமை ராணியின் முகத்தில் நந்தினியின் சாயல் இருக்கும். இரண்டாம் பாகத்தின் முடிச்சு அதுதான்.

கேள்வி: மதுராந்தகனுக்கு உண்மையிலேயே உரிமை இருந்ததா?

பதில்: இருந்தது. முதலாம் பராந்தகனின் மூத்த மகன் இராசாதித்தன் 949-இல் தக்கோலப் போரில் இறந்தான். அடுத்தவர் கண்டராதித்தர், அவருக்கும் செம்பியன் மாதேவிக்கும் பிறந்தவன்தான் மதுராந்தகன். கண்டராதித்தருக்குப் பின் அரசு அவர் தம்பி அரிஞ்சயனுக்கும், பிறகு அரிஞ்சயனின் மகன் சுந்தர சோழருக்கும் போய்விட்டது. இந்த வரிசையை ஒரு துண்டுத்தாளில் எழுதி வைத்துக்கொண்டு படம் பாருங்கள். அருள்மொழிவர்மன், பொன்னியின் செல்வன், பிற்கால ராஜராஜன் மூவரும் ஒருவரே என்பதையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வீட்டுத் தொலைக்காட்சியில் போர் இரைச்சல் காதைப் பிளக்கிறது, வசனம் கேட்கவில்லை.

பதில்: ஆறு ஒலித்தடங்களை இரண்டு ஸ்பீக்கரில் திணிப்பதால் வருவது. ஒலி அமைப்பில் ஸ்டீரியோவைத் தேர்ந்தெடுங்கள். வசனத்தைத் தூக்கிக் காட்டும் வசதி இருந்தால் அதையும் போடுங்கள்.

கேள்வி: கரிகாலனைக் கொன்றது யார்? சரித்திரம் என்ன சொல்கிறது?

பதில்: காட்டுமன்னார்கோயில் அருகே உடையார்குடி அனந்தீசுவரர் கோயில் கல்வெட்டு பெயர்களையே சொல்கிறது: சோமன், ரவிதாசனான பஞ்சவன் பிரமாதிராசன், பரமேசுவரனான இருமுடிச்சோழ பிரமாதிராசன். துரோகிகளான இவர்கள், இவர்களுடைய உறவினர் ஆகியோரின் நிலங்கள் பறிமுதலானதையும் அது பதிவு செய்கிறது. ராஜராஜனின் 2-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்ததாகக் கொள்ளப்படும் ஆவணம் இது. கொலைக்கும் ராஜராஜன் ஆட்சிக்கும் இடையில் அரசாண்டது மதுராந்தகனான உத்தம சோழன் என்பதால் வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரி அவன்மேல் ஐயம் கொண்டார். இன்னொரு வரலாற்றாசிரியரான சதாசிவ பண்டாரத்தார் அதை ஏற்கவில்லை. கொலைக்கான காரணம் கல்வெட்டில் இல்லை. நந்தினி கல்கியின் கற்பனை. கல்வெட்டு பேசாமல் விட்ட அந்த இடத்தில்தான் கல்கி அவளை வைத்தார்.