பழைய ராணுவக் கண்ணாடி அன்றாடப் பயன்பாட்டுக்குப் போதுமா?

சிங்கப்பூரின் பீச் ரோடு ராணுவச் சந்தையில் வாங்கிய பழைய தூசிக் கண்ணாடியை, வீட்டில் சுவரில் துளையிடும்போதும் மிதிவண்டி ஓட்டும்போதும் அணியலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மிதிவண்டிக்கு, பார்வை தெளிவாக இருந்தால் அணியலாம். துளையிட நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ராணுவத்துக்காகச் செய்யப்பட்டது என்பதாலேயே அது இன்றும் உறுதியாக இருக்கும் என்று கருதுவதுதான் பிழை. பாலிகார்பனேட் என்ற உறுதியான பிளாஸ்டிக்கால் ஆன வில்லை புதிதாக இருக்கையில் மோதலை நன்றாகத் தாங்கும். ஆனால் ஆண்டுக்கணக்கில் வெயில் பட்டாலோ, தின்னர், அசிட்டோன் போன்றவற்றால் துடைக்கப்பட்டாலோ, கண்ணுக்கு எளிதில் புலப்படாத நுண்விரிசல்கள் தோன்றி, அடிபடும்போது உடையக்கூடும். தேசிய சேவை என்னும் கட்டாயப் படைப்பணி செய்தவர்களுக்குப் பழக்கமான கொசு விரட்டியில் டீட் (DEET) என்ற வேதிப்பொருள் இருந்தால், அதுவும் பிளாஸ்டிக்கைக் கெடுக்கும். முன்னாள் உரிமையாளர் எதைத் தடவினார் என்று யாருக்குத் தெரியும்? நமது ஈரப்பதத்தில் ரப்பர் பட்டையும் நுரை விளிம்பும் வில்லையைவிட விரைவாக நைந்துவிடும்.

வில்லையிலோ சட்டத்திலோ, கண் பாதுகாப்புக்கான ஐரோப்பியத் தரக் குறியான ஈஎன் 166 (EN 166) அல்லது அமெரிக்கத் தரக் குறியான இசட்87+ (Z87+) உள்ளதா என்று பாருங்கள். ஈஎன் 166-இல் எஃப் (F) என்ற எழுத்து, 6 மில்லிமீட்டர் எஃகுக் குண்டு வினாடிக்கு 45 மீட்டர் வேகத்தில் மோதுவதையும், பி (B) என்ற எழுத்து 120 மீட்டர் வேகத்தையும் தாங்குவதைக் குறிக்கும். குறி இருந்தாலும், அது புதிய பொருளின் தகுதியையே சொல்லும். கழிப்பறை சுத்திகரிப்புத் திரவத்தைக் கையாளுவதற்கோ, காற்றுத்துளைகள் கொண்ட தூசிக் கண்ணாடி அறவே உதவாது. தெறிக்கும் துளி துளை வழியே உள்ளே போய்விடும்.