மூட்டை தூக்குபவருக்கு முதுகில் அடிபட்டால் எப்போது வேலைக்குத் திரும்புவார் என்று முன்பே சொல்ல முடியுமா?

குடோனில் 50 கிலோ மூட்டை தூக்கும் உங்கள் அண்ணன் ஆறு வாரமாக வீட்டில் இருக்கிறார், ஸ்கேனில் ஜவ்வு விலகல் என்று வந்திருக்கிறது, மறுபடி எப்போது மூட்டை தூக்குவார் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் இயன்முறை மருத்துவர். சுமைதூக்கும் தொழிலாளர்கள் நிறையப் பேர் என்னிடம் வருகிறார்கள்.

நாள் குறித்துக் கொடுக்க யாராலும் முடியாது. ஆனால் யார் சீக்கிரம் தேறுவார், யாருக்கு இழுத்துக்கொண்டே போகும் என்பதை ஓரளவு ஊகிக்கலாம். அதற்கு ஸ்கேன் அதிகம் உதவாது. முதுகுவலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களைப் பற்றிய ஆய்வுகளை 2015-இல் தொகுத்துப் பார்த்தார்கள். 40 வயதுக்காரர்களில் பாதிப் பேருக்கு ஜவ்வு பிதுங்கியிருந்தது. ஆகவே அந்த அறிக்கையை வீட்டில் தினமும் உருப்போடாதீர்கள்.

ஊகிப்பதற்கு நாங்கள் பயன்படுத்துவது ஸ்வீடனில் உருவான ஓரெப்ரோ வினாத்தாள். அதன் சுருக்க வடிவில் 10 கேள்விகள்தான். 100-க்கு 50-ஐத் தாண்டினால் நீண்ட நாள் முடங்கும் அபாயம் அதிகம் என்று கொள்வோம். அதில் ஒரு கேள்வி: இன்னும் மூன்று மாதத்தில் வழக்கமான வேலையைச் செய்துகொண்டிருக்க எவ்வளவு வாய்ப்பு இருக்கிறது? சிலர் சட்டென்று பத்துக்கு எட்டு, ஒன்பது என்பார்கள். சிலர் பதில் சொல்லாமல் மனைவி முகத்தைப் பார்ப்பார்கள். இந்த இரண்டாவது வகையினருக்குத்தான் நான் அதிக நேரம் ஒதுக்குகிறேன். குனிந்தால் முதுகு போய்விடும் என்ற பயம், சில சமயம் காயத்தைவிட அதிகமாக ஆளைக் கட்டிப்போடுகிறது.

வினாத்தாளில் இல்லாத ஒன்றையும் நான் விசாரிப்பேன். பல குடோன்களில் ஒரு குழுவாக வேலை செய்து கூலியைப் பங்கு பிரிக்கிறார்கள். ஒருவர் அரைச் சுமை தூக்கினால் மற்றவர்கள் பங்கும் குறையும். அதனால் முழு பலம் வரும்வரை ஆளை உள்ளே விடமாட்டார்கள். அல்லது அவரே ரோஷத்தில் முதல் நாளே முழு மூட்டையைத் தோளில் ஏற்றுவார், மறுவாரம் மறுபடி படுப்பார். கோணி ஊசியால் மூட்டை வாய் தைப்பது, எடை போடுவது, சீட்டு எழுதுவது என்று சில வாரம் விட்டுக்கொடுக்கும் மேஸ்திரி கிடைத்தவர்கள்தான் என் அனுபவத்தில் திரும்பிப் போய் நிலைக்கிறார்கள். முதல் நாள் போனாரா என்பது எனக்குப் பெரிய விஷயமில்லை, மூன்று மாதம் கழித்தும் போகிறாரா என்றுதான் பார்ப்பேன்.

பணநெருக்கடியும் ஆளை முன்கூட்டியே வேலைக்குத் தள்ளும். வேலையில் ஏற்பட்ட காயமாக இருந்து அவருக்கு இ.எஸ்.ஐ. இருந்தால், தற்காலிக ஊனத்துக்குக் கூலியில் 90 சதவீதம் கிடைக்கும். இல்லையென்றால் முதலாளியிடம் சட்டப்படி இழப்பீடு கேட்கலாம். அதில் வருவது அரை மாதத்துக்கு ஒருமுறை மாதக் கூலியில் கால்பங்கு, அதாவது மொத்தத்தில் பாதிக் கூலிதான்.

கால் பலமிழந்தாலோ, சிறுநீர் அடைத்தாலோ, கட்டுப்படாமல் போனாலோ அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அப்படி எதுவும் இல்லையென்றால், வலி முழுவதும் போகட்டும் என்று காத்திருக்காமல் இப்போதே நடக்கச் சொல்லுங்கள். ஐந்து கிலோ மணல் பையில் தொடங்கிப் படிப்படியாக எடை ஏற்றலாம், பக்கத்தில் ஓர் இயன்முறை மருத்துவர் இருந்தால் நல்லது. இந்த வாரமே மேஸ்திரியிடம் தையல் வேலை கேட்டுப் பாருங்கள். போகும்போது அண்ணனையும் அழைத்துப் போங்கள்.