பிள்ளைகளுக்குச் சொல்ல ஒரு சீனக் கதை

பிற நாட்டுப் பண்பாட்டைப் பிள்ளைகளுக்கு அறிமுகம் செய்ய எந்தச் சீனக் கதை நல்லது, எப்படிச் சொல்வது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் மாட்டுக்காரனும் நெசவுக்காரியும் கதையைத்தான் எடுப்பேன்.

வானுலகில் நெசவு செய்யும் ஜிநூ பூமிக்கு வந்து, நியூலாங் என்ற ஏழை மாட்டுக்காரனை மணக்கிறாள். இரண்டு குழந்தைகள். விஷயம் தெரிந்ததும் வானுலக அரசி அவளை இழுத்துக்கொண்டு போய்விடுகிறாள். நியூலாங் விடுவானா? செத்துப்போன கிழ மாட்டின் தோலைப் போர்த்திக்கொண்டு, பிள்ளைகளை இரண்டு கூடைகளில் வைத்துக் காவடியாகத் தோளில் தூக்கிக்கொண்டு பறக்கிறான். அரசி கொண்டை ஊசியை உருவி ஒரு கோடு கிழிக்க, அது ஆறாகிவிடுகிறது. அதுதான் பால்வீதி. ஆண்டுக்கொரு முறை, சீனக் கணக்கில் ஏழாம் மாதம் ஏழாம் நாள், மேக்பை பறவைகள் கூடிப் பாலம் கட்ட, இருவரும் சந்திக்கிறார்கள். மிதிபட்டு மிதிபட்டுத்தான் அந்தப் பறவைகளின் தலை மொட்டையாகிறதாம்!

இதோடு நிறுத்தினால் இன்னொரு ராஜா ராணிக் கதைதான். அந்த நாளில் அங்கே என்ன செய்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஜிநூவைப் போலக் கைத்திறன் வேண்டிப் பெண்கள் நிலா வெளிச்சத்தில் ஊசியில் நூல் கோப்பார்கள். சிலந்தியைப் பெட்டியில் அடைத்துவைத்து, காலையில் வலை நெருக்கமாக இருந்தால் கைத்திறன் வந்துவிடும் என்று மகிழ்வார்கள். எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு அரசியைவிடச் சிலந்திதான் பிடித்துப்போனது. விளக்கை அணைத்துவிட்டு ஊசியும் நூலும் கொடுத்துப் பாருங்கள், பையன்களுக்கும்தான்.

பல வடிவங்களில் அவள் குளிக்கும்போது அவன் உடையை ஒளித்துவைத்துத்தான் மணக்கிறான். நான் அதை வெட்டுவதில்லை. "அது தப்பில்லையா?" என்று கேட்டால், ஆமாம், தப்புதான் என்று சொல்லிவிடலாம். "சீனாக்காரங்களே இப்படித்தானா?" என்று அடுத்த கேள்வி வந்தால், கோபியர் சேலையை எடுத்துக்கொண்டு மரமேறிய நம் கண்ணனை ஞாபகப்படுத்துங்கள்.

அப்புறம், சீன நகரங்களில் இப்போது அந்த ஏழாம் நாள்தான் காதலர் தினம். பூவும் சாக்லேட்டும் விற்கும் நாள். அதையும் சொல்லாவிட்டால் சீனா என்றாலே பட்டுடையும் பழங்கதையும்தான் என்று நினைத்துக்கொள்வார்கள்.

நாள் பெரும்பாலும் ஆகஸ்டில் வரும். மேகம் இல்லாத இரவில், எட்டரை ஒன்பது மணிக்கு மொட்டை மாடிக்குப் போங்கள். கிட்டத்தட்ட உச்சியில் வரிசையாக மூன்று நட்சத்திரங்கள்: நடுவில் நியூலாங், இருபுறமும் கூடைப் பிள்ளைகள். நம்மூரில் அதே மூன்றும் சேர்ந்ததுதான் திருவோணம், வாமனன் அளந்த மூன்றடி. வடக்கே பளிச்சென்று தெரியும் அபிஜித் நட்சத்திரம்தான் ஜிநூ. நகரத்து வெளிச்சத்தில் பால்வீதி தெரியாது. ஆற்றை மட்டும் நீங்கள்தான் கைகாட்டிச் சொல்ல வேண்டும்.