எடல்ஜியின் கோட்டு – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஜார்ஜ் எடல்ஜி வழக்கை வைத்து ஒரு நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். அப்பா பம்பாய்ப் பார்சி, கிறிஸ்தவராகி இங்கிலாந்தின் கிரேட் வைர்லி கிராமத்தில் பாதிரியாரானவர். மகன் பர்மிங்காமில் வக்கீல். 1903இல் ஒரு மட்டக்குதிரையின் வயிற்றைக் கிழித்தான் என்று ஏழாண்டு தண்டனை. ஷெர்லக் ஹோம்ஸ் கதைகளை எழுதிய கானன் டாயில் வந்து மீட்கிறார். படித்த நண்பர்கள், டாயில் வரும் பகுதி விறுவிறுப்பு, விசாரணை சவசவ என்கிறார்கள். விசாரணையை இரண்டு பக்கத்தில் முடித்து, மேல்முறையீடு தள்ளுபடியாகும் காட்சியோடு டாயிலைக் கொண்டுவரலாமா? இருவரின் நட்பை எப்படி வளர்ப்பது?

கே.

அன்புள்ள கே.,

முதலில் அந்த மேல்முறையீட்டுக் காட்சியை எடுத்துவிடுங்கள். 1903இல் இங்கிலாந்தில் குற்றவியல் மேல்முறையீட்டு நீதிமன்றமே கிடையாது. அதற்கான சட்டம் 1907இல்தான் வந்தது. அப்போது தண்டனை பெற்றவருக்கு இருந்த வழி உள்துறை அமைச்சருக்கு மனுப் போடுவது. எடல்ஜிக்காகப் பத்தாயிரம் பேர் கையெழுத்திட்டும் ஒன்றும் நடக்கவில்லை. 1906 அக்டோபரில், மூன்றாண்டு உள்ளே இருந்தபின், காரணம் சொல்லாமல் வெளியே விட்டார்கள். குற்றவாளி என்ற பெயர் அப்படியே இருந்தது, தொழில் செய்ய முடியாது. டாயில் வருவது இதற்குப் பிறகு. ஆகவே ‘மீட்கிறார்’ என்பதும் சரியில்லை.

விசாரணை சவசவ என்று இருப்பதற்குக் காரணம், நீங்கள் வக்கீல்களைப் பேசவிட்டதுதான். கோட்டின் பின்னால் போங்கள். ஆகஸ்ட் 18 காலை போலீஸ் பாதிரியார் வீட்டுக்கு வந்து ஒரு பழைய கோட்டை எடுக்கிறது. ஈரம் என்கிறார்கள் அவர்கள், காய்ந்திருக்கிறது என்கிறார் அப்பா. குதிரைமுடி ஒட்டியிருக்கிறது என்கிறார் இன்ஸ்பெக்டர், அது நூல் என்கிறார்கள் வீட்டார். அங்கேயே ஒரு முடியை எடுத்து உறையிலிட்டு, எல்லார் முன்னிலையிலும் மூடியிருந்தால் தகராறு தீர்ந்திருக்கும். யாரும் செய்யவில்லை. இரவு ஒன்பது மணிவாக்கில் மருத்துவர் பார்க்கும்போது 29 முடிகள் இருக்கின்றன. இடையில் அந்தக் குதிரையின் தோலில் ஒரு துண்டு வெட்டி எடுக்கப்பட்டிருந்தது. அதுவும் கோட்டும் சேர்ந்தே போயின என்பது டாயிலின் வாதம். காலையிலிருந்து இரவுவரை கோட்டு யார் யார் கையில் இருந்தது என்பதை மட்டும் எழுதுங்கள். முடி எப்படி வந்தது என்று நீங்கள் சொல்லவே வேண்டாம்.

அடுத்தது நேரம். ஒரே தாளில் குற்றம் நடந்த ஆகஸ்ட் 17 இரவை மணிவாரியாக எழுதிச் சுவரில் ஒட்டிக்கொள்ளுங்கள். எடல்ஜி மாலையில் ஊருக்குள் நடந்துவிட்டு ஒன்பதரைக்குத் திரும்பினார். அப்பாவின் அறையிலேயே, பூட்டிய கதவுக்குள் தூங்கினார். இரவில் மழை. முதலில் மாலை நடையின்போது செய்தார் என்றார்கள். காயம் அவ்வளவு பழையதல்ல என்று கால்நடை மருத்துவர் சொன்னதும் குற்றம் பின்னிரவுக்கு நகர்ந்தது. வழக்கு நடக்கும்போதே குற்றத்தின் நேரம் மாறுகிறது! இதை இரண்டு பக்கத்திலா முடிப்பது? இன்னொன்றும் இருக்கிறது. அவர் காவலில் இருக்கும்போதே செப்டம்பரில் இன்னொரு குதிரை கிழிக்கப்பட்டது. கூட்டாளிகள் செய்தது என்றார்கள்.

வழக்கில் இன்னொரு சான்று, குதிரைகளைக் கிழிப்பது பற்றி வந்த மொட்டைக் கடிதங்கள். அவற்றை எடல்ஜியே எழுதினார் என்று சொன்ன கையெழுத்து நிபுணர் தாமஸ் கரின். அவற்றில் சில எடல்ஜியையே குற்றம் சாட்டின என்பது வேறு விஷயம். ஆள் மாறாட்டத்தில் நிரபராதி தண்டிக்கப்பட்ட அடால்ஃப் பெக் வழக்கில் 1896இல் தப்பாகச் சாட்சி சொன்னவரும் இதே கரின்தான், ஆனால் அந்தத் தப்பு வெளிப்பட்டது 1904இல். எடல்ஜியின் வக்கீல் 1903 அக்டோபரில் அதைச் சொல்லிக் குறுக்குவிசாரணை செய்வதாக எழுதிவிடாதீர்கள். இந்த வழக்கை எழுதுபவர் எளிதில் வழுக்கும் இடம் இது.

இனி நட்பு. லண்டன் சாரிங் கிராஸில் உள்ள கிராண்ட் ஹோட்டலில் சந்திக்கிறார்கள். டாயில் தாமதமாக வருகிறார். எடல்ஜி செய்தித்தாளை முகத்தருகே, சற்றுச் சாய்த்துப் பிடித்துப் படிப்பதைப் பார்க்கிறார். 1891இல் வியன்னாவில் கண் மருத்துவம் படித்து, லண்டனில் கண் வைத்தியராகக் கடை விரித்தும் நோயாளி வராத ஆள் டாயில், ஆகவே அங்கேயே முடிவுக்கு வருகிறார். எட்டு டயாப்டர் கிட்டப்பார்வை, போதாததற்குச் சிதறல் பார்வை. எட்டு டயாப்டர் என்றால் கண்ணாடி இல்லாமல் சுமார் பன்னிரண்டு சென்டிமீட்டருக்கு அப்பால் எல்லாம் கலங்கல். அந்தக் கண்ணோடு மழை இருட்டில் வயலும் வேலியும் ரயில் பாதையும் தாண்டிப் போய் வந்தார் என்றது அரசுத் தரப்பு. காட்சியை டாயில் பக்கமிருந்து எழுதாதீர்கள், அதை அவரே நன்றாக எழுதிவிட்டார். எடல்ஜியின் பக்கமிருந்து எழுதுங்கள். பெரிய உருவம் ஒன்று நெருங்குகிறது, குரல் கேட்கும்வரை யாரென்று தெரியாது.

அதற்குமேல் நட்பை வளர்க்காதீர்கள். 1907 செப்டம்பரில் டாயிலின் இரண்டாம் திருமண விருந்துக்கு எடல்ஜி போனார். அந்த விருந்து ஒன்றே உங்களுக்குப் போதும். அதற்குப் பக்கத்தில் வேறொன்றை வையுங்கள்: டாயிலும் உண்மைக் குற்றவாளி இவன்தான் என்று இன்னொருவரைப் பிடித்துக்கொண்டார், கையில் வலுவான சான்று இல்லாமலே. அதற்கு முன்பே மே மாதம், உள்துறை அமைத்த விசாரணைக் குழுவின் அறிக்கையின் பேரில் எடல்ஜிக்கு மன்னிப்பு வந்துவிட்டது. ஆனால் மொட்டைக் கடிதங்கள் எடல்ஜி எழுதியவைதான், வம்பை அவரே தேடிக்கொண்டார் என்று சொல்லி நஷ்ட ஈடு மறுத்தார்கள். குழுவின் மூவரில் ஒருவர், எடல்ஜியை முதலிலிருந்தே சந்தேகித்த காவல் தலைவர் ஆன்சனுக்கு உறவினர்.

முதல் அத்தியாயத்துக்கு ஒரு யோசனை. 1901இல் எடல்ஜி ரயில் பயணிகளுக்காக ஒரு சட்டக் கைநூல் எழுதியிருந்தார். பயணியின் உரிமைகளை எண்ணி எண்ணி எழுதிய அந்த இளைஞர், 18ஆம் தேதி காலை வழக்கம்போல ரயிலேறி பர்மிங்காம் அலுவலகத்துக்குப் போகிறார். போலீஸ் அங்கேதான் அவரைக் கைது செய்தது.